ஆலை இருந்த இடத்தில் யாருக்கு வீடு?

கரும்பு வெட்டு முடிந்து, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகளின் அரவை நின்றுவிட்டால், கள்ளக்குறிச்சி ஜில்லாவின் விவசாயத் தொழிலாளிக்கு ஊரில் வேலை சுருங்கிவிடுகிறது. மலையிலும் இதே நிலைமைதான். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் மரவள்ளியும் வருஷம் முழுவதும் குடும்பத்தின் வயிற்றைக் கழுவப் போதாது. வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து இறங்கி வரும் பழங்குடி மக்களும், சமவெளியின் கூலி விவசாயிகளும் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். ஆண்களுக்குக் கம்பி கட்டும் வேலை, சென்ட்ரிங் பலகை அடிக்கும் வேலை. பெண்களுக்குச் சித்தாள் வேலை. கட்டடம் எழும்பி முடியும்வரை அதன் காலடியில் தகரக் கொட்டகையில் வாசம். முடிந்த பிறகு அதே கட்டடத்தின் வாசலில் நிற்கிற காவலாளி அவர்களை உள்ளே விடமாட்டான்.

இதைப் பற்றி நமது பத்திரிகை பலமுறை எழுதியிருக்கிறது. இந்த வாரம் நாம் எழுத வந்தது அந்த மாளிகைகளைப் பற்றிக்கூட அல்ல. அவற்றில் சில எந்த மண்ணின்மீது நிற்கின்றன என்பதைப் பற்றி.

சென்னை பெரம்பூரில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் வானளாவ எழுந்திருக்கும் பரந்த நிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. பக்கிங்காம் ஆலை 1876ல் தோன்றியது. சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலை அதன் பக்கத்தில் வந்தது. பின்னி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி இரண்டையும் நடத்தியது. 1920ல் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ‘பி அண்டு சி மில்’ என்றும், ‘பின்னி மில்’ என்றும் சொன்னால் வடசென்னையில் தெரியாதவர் கிடையாது. அங்கே நெய்த காக்கித் துணி பட்டாளத்துக்குப் போயிற்று, போலீசுக்குப் போயிற்று. அந்தக் காக்கியை நெய்த தொழிலாளியையே காக்கிச்சட்டைக்காரன் சுட்ட நாளும் வந்தது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

அன்றைய சட்டம் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க முதலாளிக்கு அனுமதி தந்திருந்தது. நடுவே சோற்றுக்கு அரை மணி. இரண்டு ஆலைகளிலுமாகப் பத்தாயிரம் பேர் அளவில் வேலை செய்த இடம் அது. சங்கு ஊதியதும் ஓடிப்போய்க் கைகால் கழுவி, சோற்று மூட்டையை அவிழ்த்து, தின்று, மறுபடி இயந்திரத்தண்டை நிற்பதற்கு அரை மணி போதுமா? தின்ற சோறு தொண்டையில் இறங்குமுன்னே திரும்பி ஓடவேண்டும். தாமதித்தால் அபராதம், அடி, வெளியேற்றம். பெரம்பூர்த் தொழிலாளர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்த 30 நிமிஷத்தை 40 நிமிஷமாக ஆக்க வேண்டும் என்பதுதான். பத்தே நிமிஷம்!

இந்தக் கோரிக்கையிலிருந்துதான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சரித்திரம் குறிக்கும் ஸ்தாபனம் பிறந்தது. ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஜி. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று பெயர். வேலை முடிந்து தொழிலாளர்கள் அங்கே பஜனை கேட்க வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொல்லுவார்கள். ஹரிகதை கேட்க வந்த கூட்டம் கூலிக் கணக்குப் பேச ஆரம்பித்தது. கேட்ட இருவரும் சும்மா இருக்கவில்லை. ‘நியூ இந்தியா’ பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போய் பி.பி. வாடியாவைக் கண்டார்கள். 1918 ஏப்ரல் 27ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. உபதலைவர்களில் ஒருவர். மேடையில் தமிழில் பேசித் தொழிலாளியின் நெஞ்சைத் தொட்டவர் திரு.வி.க.

சங்கம் வந்தால் முதலாளி சும்மா இருப்பானா? 1920 அக்டோபரில் கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் வாடியா மீதும் மற்ற தலைவர்கள் மீதும் வழக்குப் போட்டு, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று சொல்லித் தடை உத்தரவும் வாங்கிற்று. நஷ்ட ஈடும் கேட்டது. வாடியா சங்கத்தைவிட்டு விலகினால்தான் சமரசம் என்றது, அவர் விலகினார். தொழிலாளர்கள் தோற்று ஆலைக்குத் திரும்பினார்கள். ஆனால் ‘தொழிலாளியைச் சங்கத்தில் சேர்ப்பதே குற்றமா?’ என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பிவிட்டது. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. இன்று மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி ரிஜிஸ்டர் செய்த சங்கத்தின் ரசீதைப் பையில் வைத்திருக்கிறார் என்றால், அதில் பெரம்பூர்த் தொழிலாளியின் பட்டினி இருக்கிறது.

1921ம் வருஷ வேலை நிறுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அது நம் ஜில்லாத் தோழர்களுக்கு மிகவும் அவசியமான பாடம். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நடந்த போராட்டம் அது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். முந்திய கதவடைப்புகளின் பட்டினி அவர்கள் குடிசைகளையே அதிகமாகத் தாக்கியிருந்தது. கையில் ஒரு நாள் சோற்றுக்கு மிச்சம் இல்லாதவன் ஐந்து மாதம் எதை வைத்து நிற்பான்? போதாததற்கு, ஆலைக்கு உள்ளே ஒரே இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்கள் வெளியே வந்தால் தொட்டால் தீட்டு என்ற வாழ்க்கை. நிர்வாகம் இந்தப் பிளவைக் கண்டது, வளர்த்தது, லாபம் எடுத்தது. புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டு உயிர்கள் பலியாயின. திரு.வி.க.வை நாடு கடத்துவேன் என்று கவர்னர் வில்லிங்டன் மிரட்டினார். அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

இதில் பழி முழுவதையும் நிர்வாகத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சங்கத் தலைவர்கள் வேலை நிறுத்தத்துக்கு முன்பே அந்தக் குடிசைகளுக்குள் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு முதலில் அரிசி போய்ச் சேர வழி செய்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வேலைக்குப் போனவன்மீது ஆத்திரம் பாய்ந்தது. ஊர்த் தெருவுக்கு ஒரு கூலி, காலனிக்கு ஒரு கூலி என்று தனித்தனியாகப் பேசி முடிக்கும் மிராசுதார்கள் நம் பக்கத்தில் இல்லையா? அவர்களுக்குப் பெரம்பூர்க் கதை தெரியாது. ஆனால் அந்த வித்தை தெரியும். அந்த 1921ம் வருஷப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற சிங்காரவேலர்தான் 1923ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

அப்படிப்பட்ட ஆலை 1996ல் மூடப்பட்டது. அதன் பிறகு வெகு காலம் காலிக் கூடங்கள் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. கதாநாயகனும் வில்லனும் அங்கே அட்டைக் கத்தி வீசினார்கள். பிறகு நிலத்துக்குக் கட்டடக் கம்பெனிகள் வந்தன. கூடங்களில் பெரும்பகுதி இடிந்தது. கோபுரம் கோபுரமாக வீடுகள் எழுந்தன. விளம்பரங்களில் நீச்சல் குளமும் தோட்டமும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் அங்கே வியர்வை சிந்திய குடும்பங்களுக்கு எத்தனை வீடு என்ற பேச்சு அந்த விளம்பரங்களில் இல்லை.

“ஆலையின் சொந்தக்காரன் தன் நிலத்தை விற்கிறான், இதில் உங்களுக்கென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அந்த நிலத்துக்கு இன்று இவ்வளவு விலை எப்படி வந்தது? ஆலை வந்தபோது அது நகரத்தின் ஓரம். அதைச் சுற்றித் தெருவும் சந்தையும் பள்ளிக்கூடமும் தோன்றியதற்குக் காரணம், ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியேறியதுதான். பஞ்சிலிருந்து நூல் எடுத்தவன் அந்த மண்ணிலிருந்து விலையையும் எடுத்துக் கொடுத்தான். நூலின் லாபமும் அவனுக்கு வரவில்லை, மண்ணின் லாபமும் வரவில்லை.

இந்தக் கதை பெரம்பூரோடு நிற்கவில்லை. வாடியா யாரோடு சேர்ந்து பொதுவாழ்வில் இருந்தாரோ, 1917ல் யாரோடு சேர்ந்து சர்க்கார் காவலில் வைக்கப்பட்டாரோ, அந்த அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியாவுக்கு வருமுன்பு லண்டனில் தொழிலாளர் பக்கம் நின்றவர். லண்டனின் கிழக்கே போ என்ற பகுதியில் பிரையன்ட் அண்டு மே கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், சிறுமிகள். வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற நஞ்சின் புகையைச் சுவாசித்துத் தாடை எலும்பு அழுகிச் செத்தவர்கள் உண்டு. பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். பங்குதாரர்களுக்கோ 20 சதவீதமும் அதற்கு மேலும் லாபப் பங்கு! பிரதம மந்திரி கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைக்கப் பெண்களின் கூலியிலேயே ஒரு ஷில்லிங் பிடித்ததாகப் பெசன்ட் எழுதினார். அந்தச் சிலை இன்றும் நிற்கிறது. அதன் கைகளில் யாரோ பூசிய சிவப்புச் சாயமும் இருக்கிறது.

1888 ஜூனில் பெசன்ட் அதை எழுதினார். ஜூலையில் 1,400 பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் வெற்றி. அபராதம் ஒழிந்தது, சங்கம் அமைந்தது. பெசன்ட் எழுதியது உண்மை. ஆனால் நடத்தியவர்கள் அந்தப் பெண்கள்தான். சாரா சாப்மன் என்ற தொழிலாளிப் பெண் வேலை நிறுத்தக் கமிட்டியில் இருந்தவர். இறந்தபின் பெயர்க் கல்கூட இல்லாத குழியில் அவரைப் புதைத்தார்கள். நம் நாட்டில் சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டி ஒட்டிய கைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்கவில்லை. செங்கல் சுவர்களை அப்படியே வைத்து, உள்ளே எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகளாகத் தடுத்தார்கள். வேலை நிறுத்தத்தின் நூறாவது ஆண்டான 1988ல் அந்த மாற்று வேலை ஆரம்பமாயிற்று. மதில், வாயில், காவல், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. தீப்பெட்டிப் பெண்களின் பேத்திகள் வாங்கக்கூடிய விலையில் அந்த வீடுகள் இல்லை. ஆயினும் ஒன்று நடந்தது. 2022 ஜூலையில் அந்தச் சுவரில் வேலை நிறுத்தத்தின் நினைவாக நீல நிறப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அந்த வழியே போகிற குழந்தை அதைப் படிக்கலாம். பலகையினால் யாருக்கும் கூரை கிடைத்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மறந்துபோன பாத்தியதையை யாரும் கேட்க மாட்டார்கள். எழுதி வைத்தால் ஒருநாள் கேட்பார்கள்.

கூரைக்காகவே போராடியவர்கள் பம்பாய்த் தொழிலாளர்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது வெற்றி பெறவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. நகரத்தின் நடுவே 600 ஏக்கர் அளவிலான ஆலை நிலம்! முதலாளிகளின் வாயில் எச்சில் ஊறாதா? 1991ல் வந்த நகர வளர்ச்சி விதியின் 58வது பிரிவு அந்த நிலத்தை மூன்றாகப் பங்கிடச் சொன்னது. ஒரு பங்கு நகரசபைக்கு, மைதானமும் பொது உபயோகமும். ஒரு பங்கு சர்க்கார் வீட்டு வசதி வாரியத்துக்கு. ஒரு பங்கு சொந்தக்காரனுக்கு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? 2001ல் அதில் சில வார்த்தைகளை மாற்றினார்கள். கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டும் மூன்றாகப் பங்கிட்டால் போதும் என்றார்கள். ஆலை நிலத்தில் பெரும்பகுதி ஆலைக் கட்டடத்துக்கு அடியில்தானே இருக்கும்? அந்தப் பகுதி அப்படியே முதலாளி வசம் போயிற்று. 2005ல் பம்பாய் ஹைகோர்ட் இது தவறு என்றது; 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்றது.

அப்படியும் தொழிலாளர்கள் விடவில்லை. ஊர்வலம், மறியல், மனு என்று வருஷக்கணக்காக நின்றார்கள். 2012 ஜூனில் 6,925 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. வீடு ஒன்று 225 சதுர அடி. மனுப் போட்ட குடும்பங்களோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம்! குறைவுதான், மிகவும் குறைவுதான். ஆனால் அந்த 6,925 குடும்பங்கள், தங்கள் தகப்பன் நூல் நூற்ற மண்ணின்மீதே கதவைத் திறந்து உள்ளே போனார்கள். விதியில் ஒரு வரி இருந்ததால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போராட முடிந்தது.

நம் ராஜ்யத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பெரிய மனைகளில் கட்டடம் எழுப்புகிறவன் ஏழைகளின் வீட்டுக்காக ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற பொது விதி உண்டு. ஆலை மூடி வீதியில் நிற்கும் தொழிலாளிக்கு அதில் தனி உரிமை எதுவும் இல்லை. பின்னி ஆலை நிலத்துக்கு நடந்து போகும் தூரத்தில், புளியந்தோப்பு கே.பி. பூங்காவில், சர்க்கார் வாரியம் ஏழைகளுக்கென்று அடுக்குமாடி கட்டிற்று. 2021ல் குடியேறிய மக்கள் சுவரில் கை வைத்தபோது காரை பொலபொலவென்று உதிர்ந்ததை நாடே பார்த்தது. இன்னும் எத்தனையோ குடும்பங்களை நகரத்தைவிட்டே கிளப்பி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரே பேட்டையில் ஒருவனுக்கு நீச்சல் குளம், இன்னொருவனுக்கு உதிரும் சுவர்.

கல்வராயன் மலை மக்களுக்கு இந்த நியாயம் நன்றாகப் புரியும். 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள்; ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாத வெட்டி வேலையும் செய்தார்கள். ‘உழுகிறவன் நீ; ஆனால் மலை என்னுடையது’ என்று ஜாகீர்தார் சொன்னான். ‘நெய்தவன் நீ, ஆனால் நிலம் என்னுடையது’ என்று ஆலை முதலாளி சொல்கிறான். இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதிரிக் காகிதம். ஜாகீர் காகிதம் 1976ல் செல்லாமல் போயிற்று. அது செல்லாது என்று ஆக முடியுமானால், ஆலை நிலத்தில் முழுப் பாத்தியதை என்ற காகிதத்தையும் திருத்தி எழுத முடியும். 2006ம் வருஷ வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா கேட்டு மலையில் மனுக் கொடுப்பவர்களும், பெரம்பூரில் வீடு கேட்க வேண்டியவர்களும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

தமிழ்நாடு சர்க்காரை நாம் கேட்பது இது. மூடப்பட்ட எந்த ஆலையின் நிலமும் வீட்டு மனையாகவோ கடைத் தெருவாகவோ மாற அனுமதி கேட்டு வரும்போது, கட்டடம் நிற்கும் இடமும் வெற்று இடமும் சேர்த்து மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர் வீட்டுக்கென்று சட்டத்தில் எழுத வேண்டும். ‘வெற்று இடம்’ என்ற ஒரு சொல்லைப் பம்பாயில் நுழைத்து ஏமாற்றியதை மறக்கக் கூடாது. தொழிலாளிக்குச் சேரவேண்டிய சம்பள பாக்கி, கிராஜுவிடி, பிராவிடண்டு பண்டு முழுவதும் பட்டுவாடா ஆகும்வரை நிலம் கைமாற அனுமதி தரக்கூடாது. பெரம்பூர்க் குடியிருப்பின் நுழைவாயிலில் 1918 ஏப்ரல் 27 என்ற தேதியும், 1920லும் 1921லும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்களின் நினைவும் தமிழில் கல்லில் பதிய வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வீட்டின் குளியலறைச் செலவுகூட இருக்காது.

கட்டடம் எழுப்பும் நம் மக்கள் விஷயத்துக்கு வருவோம். ஆலை மூடிய அதே 1996ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று மத்திய சட்டம் ஒன்று வந்தது. வேலை நடக்கும் இடத்தில் தங்க இடம், சமைக்க, குளிக்க, கழுவ வசதி எல்லாவற்றையும் முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று அது சொன்னது. தகரக் கொட்டகை அந்தச் சட்டத்துக்குப் பதில் அல்ல. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நல நிதிக்கு வசூலாகிறது. அந்தப் பணத்திலிருந்து விபத்துக்கும் மரணத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி பெறலாம். ஆனால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்குத்தான். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், இறந்தவர் எந்த ஊர், எந்த மேஸ்திரியின் ஆள் என்பதைக்கூடக் குடும்பம் அலைந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே 18 வயது முதல் 60 வயது வரை உள்ள எந்தக் கட்டட வேலைத் தொழிலாளியும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் உட்பட, ஊரில் இருக்கும்போதே வாரியப் பதிவை முடித்துவிட வேண்டும். மலை ஊர்களில் படிக்காதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதைக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் தோழர்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் அதன் நகல் ஒன்றும், வேலைக்கு அழைத்துப் போகும் மேஸ்திரியின் பெயர், வேலை நடக்கும் இடத்தின் விலாசம் எழுதிய சீட்டு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.